ஒரு ஆள் குறைகிறது

சிங்கப்பூருக்கு வந்து நாற்பது வருடம் தாண்டிவிட்டது. இன்னமும் எனக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டென்றால், ஒரு டிஷ்யூ பொட்டலத்துக்கு இந்த ஊர் கொடுக்கிற மரியாதைதான். ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். தேக்கா உணவங்காடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் காலி மேசையைக் கண்டதும் ஆட்கள் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டிஷ்யூ பொட்டலத்தை எடுத்து அதன்மேல் வைத்துவிட்டு, நிம்மதியாகப் போய் பிரியாணி வரிசையில் நின்றுகொள்வார்கள். இதற்கு இங்கே 'சோப்' செய்வது என்று பெயர். பொட்டலம் இருக்கிற மேசைக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கையில் சூடான தட்டோடு, குழந்தை குட்டியோடு, வியர்த்து விறுவிறுக்கச் சுற்றிச் சுற்றி வருவார்களே தவிர, அந்தப் பொட்டலத்தைத் தள்ளிவிட்டு ஒருவரும் உட்கார மாட்டார்கள். நம் ஊரில் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்திருப்போம். நாம் முட்டி மோதி ஏறுவதற்குள் ஒருவர் அங்கே உட்கார்ந்து, 'துண்டு உங்களதா, இந்தாங்க' என்று நம் கையிலேயே அதைக் கொடுப்பார். இங்கே அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு இந்தப் பழக்கம் அறவே பிடிக்காது. சாப்பாடு வாங்கியவனுக்குத்தான் நாற்காலி, வரிசையில் நிற்கிறவனுக்கு எதற்கு நாற்காலி என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சண்டைக்குப் போவேன். "நாட் ஃபேர், நாட் ஃபேர்" என்று நான் முணுமுணுப்பதைக் கேட்டு என் மகள் நஸ்ரின் தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் என் மச்சான் காதர் இதில் கைதேர்ந்தவர். எங்கள் ஊர் வழக்கப்படி அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுகிற என் தங்கை சுபைதாவின் கணவர் அவர். அதற்கு முன்னாலேயே என் கூட்டாளி. ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே கப்பலில் சிங்கப்பூர். அவர் சட்டைப் பையில் பேனா இல்லாமல் இருக்கும், டிஷ்யூ இல்லாமல் இருக்காது. ஒவ்வொரு ஞாயிறும் நான் பொங்கோலிலிருந்து ரயிலேறி வருவேன், அவர் கேலாங்கிலிருந்து பஸ்ஸில் வருவார். எனக்கு முன்னாலேயே வந்து, தூண் ஓரத்து மேசையில் பொட்டலத்தை வைத்துவிட்டு, நான் திட்டுவதைக் கேட்பதற்காகவே சிரித்துக்கொண்டு நிற்பார்.

அந்த ஞாயிறும் அப்படித்தான் நின்றார். "நீ போய் வாங்கிட்டு வா மச்சான், நான் கை கழுவிட்டு வந்துர்றேன்" என்றார். நான் வரிசையில் நின்று இரண்டு தட்டு மட்டன் பிரியாணி வாங்கிக்கொண்டு வந்தேன். மேசையில் பொட்டலம் இருந்தது, அவரைக் காணோம். உட்கார்ந்தேன். அவர் வராமல் தட்டில் கை வைக்க எனக்கு வராது. ஒரு சீனப் பெண் வந்து எதிர் நாற்காலியைக் காட்டி ஆள் இருக்கா என்று கேட்டாள். இருக்கு என்றேன். வேலைத்தள உடுப்பில் ஒரு தம்பி வந்து, "அண்ணே, ஆள் இருக்கா?" என்றான். இருக்கு தம்பி என்றேன். பின்பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. தேக்காவில் அது கேட்காத நாள் ஏது என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிரியாணி ஆறி, நெய் தட்டில் உறைந்து வெளுத்தது. அப்புறம் சுபைதா ஃபோனில் அழைத்தாள். "காக்கா, எங்க இருக்கிய? அவங்க ஃபோன்லேர்ந்து ஆஸ்பத்திரிக்காரங்க பேசறாங்க காக்கா." கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறார். நான் 'ஆள் இருக்கு, ஆள் இருக்கு' என்று வருகிறவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தபோது அவரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் பதறி எழுந்தபோது, தட்டுகளோடு காத்திருந்த ஒரு குடும்பம், "அங்கிள், கோயிங் ஆ?" என்று பணிவாகக் கேட்டது. பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் போய் மௌத்தாகிவிட்டிருந்தார்.

அதிலிருந்து எங்கே போனாலும் 'ஆள் இருக்கா' என்கிற கேள்வி என்னை விடவில்லை. ரயிலில், கிளினிக்கில், பள்ளிவாசலில், எங்கே பக்கத்து இடம் காலியாக இருந்தாலும் எனக்கு உடம்பு குளிர்ந்துபோகும். யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். இல்லை என்று சொன்னால் அவர் காதில் விழுமோ என்று அதைவிடப் பெரிய பயம். இதையெல்லாம் வெளியே சொன்னால் என் மனைவி ஆயிஷா நல்ல ஹஜ்ரத்தாகப் பார்த்து ஓதிப் பார்க்கக் கூட்டிப் போய்விடுவாள் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் ஊர் தஞ்சைக் கடற்கரையில் இருக்கிறது. அங்கே கல்யாணச் சாப்பாடு சஹனில்தான். சஹன் என்றால் பெரிய வட்டத் தட்டு. நெய்ச்சோற்றைக் குவித்து, நடுவில் கறியை வைத்து, நான்கு பேருக்கு ஒரு சஹன் வைப்பார்கள். நான்கு பக்கம் நான்கு பேர், அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் எடுத்துச் சாப்பிட வேண்டும். அடுத்தவர் பக்கம் கை போகக்கூடாது. மூன்று பேர்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் யாரும் கை வைக்க மாட்டார்கள். பந்தி விசாரிக்கிறவர் வாசலைப் பார்த்து, "இங்க ஒரு ஆள் கொறையுது!" என்று சத்தம் போடுவார். தெருவில் போகிறவரோ, கப்பல் முதலாளியோ, மீன் கூடை சுமக்கிறவரோ, யார் வந்தாலும் அந்த நான்காவது பக்கம் அவருடையது. அந்த நாற்புறத்தில் யாருக்கும் பெயர் எழுதி வைத்ததில்லை. இன்னொரு மரியாதையும் உண்டு. முதலில் வயிறு நிறைந்தவர் முதலில் எழக்கூடாது. அவர் எழுந்தால், மெதுவாகச் சாப்பிடுகிறவர் கூச்சப்பட்டு அரை வயிற்றோடு எழுந்துவிடுவார். அதனால் முடித்தவர்கள் இரண்டு பருக்கையை இப்படியும் அப்படியும் உருட்டிக்கொண்டு கையைத் தட்டிலேயே வைத்திருப்பார்கள். காதர் மச்சான் சாப்பிடுவதில் ஆமை. அவரோடு சஹனில் உட்கார்ந்தவர்களுக்குப் பருக்கை உருட்டியே விரல் தேய்ந்துவிடும். கடைசியில் அவர்தான் எங்களையெல்லாம் உட்கார வைத்துவிட்டு முதலில் எழுந்து போனார்.

இனி கப்பல் கதைக்கு வருகிறேன். நாங்கள் இருவரும் வந்தது, சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் பயணிகள் கப்பல் ஓடிய கடைசிக் காலத்தில். கீழ்த்தட்டில் இடம். பாயை விரித்தவனுக்குப் பாய் அளவு இடம் சொந்தம், அவ்வளவுதான். சாப்பாட்டு மணி அடித்தால் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்று, கிடைத்த இடத்தில் குந்திச் சாப்பிட வேண்டும். ஒருநாள் காற்றுக்காக மேலே ஏறிய காதர், மேல்தட்டுச் சாப்பாட்டு அறையை வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்தார். வெள்ளைத் துணி விரித்த மேசை, துணியை விசிறியாக மடித்துக் குத்தி வைத்த கிளாஸ். "ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால பேரு எழுதி அட்டை வச்சிருக்கான் மச்சான்! அந்த ஆளு வர்ற வரைக்கும் எவனும் அதுல உக்கார மாட்டான். ஒருநாளைக்கு அப்படி உக்காந்து திங்கணும்டா" என்றார். குமட்டலில் சுருண்டு கிடந்த எனக்கு, அவர் முதலில் எதையாவது தின்னட்டும் என்று எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் மறக்கவில்லை. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, தலை நரைத்த பிறகும் மெரினாப் பக்கம் ஏதாவது உல்லாசக் கப்பல் நிற்பதைப் பார்த்தால், "மேல்தட்டு, மச்சான்" என்பார். அதனால்தான் நஸ்ரின் எங்கள் நான்கு பேருக்கும் ஒரு கப்பல் பயணம் பதிவு செய்தாள். நானும் ஆயிஷாவும் ஒரு அறை, காதரும் சுபைதாவும் ஒரு அறை. சாப்பாட்டு அறையில் ஜன்னலோரம் நான்கு பேர் மேசை. பதிவு செய்து சில வாரங்களில்தான் அந்த ஞாயிறு வந்தது.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாக் காலம் முடிந்ததும் சுபைதா என்னிடம் இரண்டே விஷயம் கேட்டாள். "கப்பலுக்குப் போவோம் காக்கா. நஸ்ரின்கிட்ட சொல்லி அவங்க பேரை எடுக்க வேணாம்னு சொல்லுங்க." இன்னொன்று, அந்த டிஷ்யூ பொட்டலம். அது என்னிடம் இருப்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

கப்பலில் ஏறியதுமே எனக்கு ரத்தம் கொதிக்க ஆரம்பித்தது. அறைச் சாவி அட்டையின் நிறத்தைப் பார்த்துத்தான் எந்தச் சாப்பாட்டு அறை என்று சொல்கிறார்கள். பால்கனி அறைக்காரர்களுக்கு மேலே தனி அறை, ஜன்னல் இல்லாத அறைக்காரர்களுக்குக் கீழே. நாற்பது வருடத்தில் பாய் போய் மெத்தை வந்திருக்கிறது, மேல்தட்டு மேல்தட்டாகவே இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது நடு நிறம். ஹலால் சாப்பாட்டுக்காரர்களை ஒரு பக்கமாக உட்கார வைத்திருந்தார்கள். மேசை எண் எழுதிய சின்ன அட்டை, வெள்ளைத் துணி, விசிறி மடிப்பு, நான்கு நாற்காலி. காதர் சொன்னபடியே இருந்தது. பரிமாறுகிற பிலிப்பினோ இளைஞர் நான்காவது நாற்காலியைக் காட்டி, "உங்கள் நான்காவது விருந்தாளி எங்கே சார்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சுபைதா, "கமிங், கமிங்" என்றாள். கைப்பையிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து, நான்காவது தட்டின்மேல் வைத்தாள். ஆயிஷாவின் முகம் கறுத்தது. "மௌத்தானவங்களுக்கு எடம் வைக்கிற பழக்கமெல்லாம் நம்மகிட்ட உண்டா? இது என்ன புதுசா?" என்று என் காதில் முணுமுணுத்தாள். அவள் சொன்னது சரி. ஆனால் என் தங்கை பொட்டலத்தைத் தட்டின் நடுவில் நேராக்கி நேராக்கி வைத்ததைப் பார்த்துவிட்டு நான் எந்தச் சரியைப் பேசுவது?

கடலில் கப்பல் திரும்பும்போது எங்கள் மூன்று நாற்காலியும் அசையவில்லை. பாரமில்லாத அந்த நாற்காலி மட்டும் கம்பளத்தின்மேல் சின்னதாக நகர்ந்தது. நகர்ந்து நகர்ந்து, சூப் வரும் நேரத்தில் மேசையோடு ஒட்டி நின்றது. யாரோ வசதியாக இழுத்துப் போட்டுக்கொண்டதுபோல் இருந்தது. தட்டின் ஓரத்துக் கரண்டி கிளாஸில் பட்டு மெல்லக் கிணுங்கியது. நான் குனிந்து சூப்பைக் குடித்தேன். ஆயிஷா உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். சுபைதா மட்டும், வீட்டில் காதர் சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருவதுபோலவே, உடம்பை அந்த நாற்காலிப் பக்கம் கொஞ்சம் திருப்பி உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள்.

எங்களுக்கு இரண்டு மேசை தள்ளி, சமையலறைக் கதவை ஒட்டி ஒரு சின்ன மேசை இருந்தது. பரிமாறுகிறவர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வரும்போதெல்லாம் அது அங்கே உட்கார்ந்திருந்தவரின் தோளில் இடிக்காத குறை. தனியாக வந்த மலாய்ப் பெரியவர், சொங்கோ தொப்பி அணிந்திருந்தார், வலது கை இலேசாக ஆடும். இரண்டாம் நாள், கதவு ஒருமுறை அவர் கிண்ணத்தைத் தட்டி சூப் சிந்திய பிறகு, தட்டை ஏந்திக்கொண்டு மெதுவாக எங்கள் மேசைக்கு வந்தார். நான்காவது நாற்காலியைப் பார்த்து, "அடா ஓராங்?" என்று கேட்டார். ஆள் இருக்கா என்று. சுபைதா நிமிர்ந்து பார்க்காமல், "அடா" என்றாள். இருக்கு. அவர் நெஞ்சில் கை வைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தன் கதவோரத்துக்கே திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து மேசைத் தமிழ்ப் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள். "அங்கிள், நாங்க அஞ்சு பேரு. ரெண்டு டேபிள்ல ஸ்பிளிட் பண்ணிட்டாங்க லா. இந்த சேர் எடுத்துக்கலாமா?" ஆள் இருக்கும்மா என்றாள் சுபைதா. அந்தப் பெண் பொட்டலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நேத்திலேருந்து யாரும் வரலையே அங்கிள். அந்தத் தாத்தா அங்க கஷ்டப்படறாரு. நாட் ஃபேர் லா." என் வாய் வார்த்தை என்னிடமே திரும்பி வந்தது. காதர் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அதன் பிறகு பரிமாறுகிறவர்களுக்குத் தலைவர் போல இருந்த ஒருவர் டையைச் சரிசெய்தபடி வந்தார். மிகவும் மரியாதையானவர். "உங்கள் நண்பருக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சுபைதாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. உடம்பு என்பது மட்டும் புரிந்து, ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் முகத்தில் அக்கறை படர்ந்தது. "கவலைப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று போய்விட்டார். எதைப் பார்த்துக்கொள்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. நாங்கள் சுபைதாவின் அறைக்குத் திரும்பிச் சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. பெரிய வட்டத் தட்டோடு ஒருவர் நின்றார். மீன் கஞ்சி, ரொட்டி, நறுக்கிய பழம், இஞ்சித் தேநீர். சீக்கிரம் குணமடையுங்கள் என்று வாழ்த்து அட்டை வேறு. அதில் காதர் மச்சானின் பெயர் பிழையில்லாமல் எழுதியிருந்தது. ஆயிஷா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுபைதா அழவில்லை. தட்டை வாங்கி, கம்பளத்தின் நடுவில் வைத்தாள். "உக்காருங்க" என்றாள். சொல்லி வைத்ததுபோல் மூன்று பேரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். பழக்க தோஷம், மூன்று பக்கமாக உட்கார்ந்து நான்காவது பக்கத்தை விட்டுவிட்டோம். கஞ்சியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. யாரும் கை வைக்கவில்லை. "ஏம்மா இப்படிப் பண்றே?" என்று கடைசியில் நான் கேட்டேன். அவள் அந்த அட்டையைப் பார்த்தபடியே பேசினாள். "நம்ம ஊர்ல வூடு பொம்பளைங்க பேர்லதான் காக்கா. கல்யாணமாகி வந்த நாளுலேர்ந்து அவங்க என் வூட்டுல மாப்பிள்ளதான், விருந்தாளிதான். இங்க கேலாங்குல இருக்கிறதும் வாடகை வூடு. மையவாடியிலயாச்சும் அவங்களுக்குன்னு ஒரு எடம்னு நெனச்சேன். அதுவும் தவணையாம்ல? வருசம் போனா தோண்டி எடுத்து, நாலஞ்சு பேரோட ஒண்ணா ஒரே குழியில வைப்பாங்களாம். இந்த நாற்காலி ஒண்ணுதான் காக்கா அவங்க பேருக்குன்னு இருக்கு. அதையும் கேக்குறாங்க."

இந்த ஊரில் நிலம் குறைவு, கபுர் குழிக்கும் கெடு உண்டு என்பது எனக்கு முன்பே தெரியும். அவளுக்கு அதை யார் சொன்னார்களோ. அப்போது கப்பல் அசைந்து, தட்டு அந்தக் காலிப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்தது. சுபைதா அதைப் பிடித்து நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, தன்னையறியாமல், எங்கள் ஊர்ப் பந்தியில் சொல்கிற அதே ராகத்தில், "ஒரு ஆள் கொறையுது" என்றாள். சொன்னதும் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். அந்தச் சொல்லை ஒருவர் சொல்லிவிட்டால் யாரையாவது கூப்பிட்டு உட்கார வைத்தாக வேண்டும். சொல்லிவிட்டுக் காலியாக விடுவது எங்கள் ஊரில் வழக்கமே கிடையாது. அன்று யாரையும் கூப்பிடவில்லை. கஞ்சி ஆறி ஏடு கட்டியது. தேக்காவில் உறைந்த நெய்யை நினைத்துக்கொண்டு நான் எழுந்து என் அறைக்குப் போனேன்.

மறுநாள் கடைசி விருந்து. எங்கள் மேசையில் விசிறி மடிப்புகள் நான்கும் நின்றன. சுபைதா பொட்டலத்தைத் தட்டின்மேல் வைத்தாள். கதவோரத்தில் மலாய்ப் பெரியவர் ஒரு கையால் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, கதவு எப்போது திறக்குமோ என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுபைதா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "போய்க் கூப்புடுங்க காக்கா" என்றாள். "யாரை?" என்றேன், தெரிந்துகொண்டே. "ஆள் கொறையுதுல்ல. அவரைக் கூப்புடுங்க."

நான் போய் அழைத்தபோது அவர் நம்பவில்லை. உங்கள் ஆள் வந்துவிட்டால் எழுந்துகொள்கிறேன் என்று என்னிடம் இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் வந்தார். நாற்காலியின் விளிம்பில், எழுவதற்குத் தயாராக உட்கார்ந்தார். பொட்டலத்தை மரியாதையாக எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். சுபைதா தலைகுனிந்திருந்தாள். அவர் அவளிடமே கேட்டார், "உங்கள் ஆள் சாப்பிட வர மாட்டாரா?" சுபைதா நிமிர்ந்து, மார்க்கெட்டில் மீன்காரியிடம் பேசுகிற தன் மலாயில், "டியா சுடா மாக்கான்" என்றாள். அவர் சாப்பிட்டு முடிச்சிட்டார். பெரியவர் நிம்மதியாகத் தலையாட்டி, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மூன்று நாளில் முதல்முறையாக அந்த நாற்காலி நகரவில்லை.

மனுஷன் என்ன மெதுவாகச் சாப்பிட்டார் என்கிறீர்கள்! கை நடுக்கம், பல் பாதி இல்லை. ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் ஒரு கதை சொன்னார். பிள்ளைகள் கப்பலில்தான் இருக்கிறார்களாம், மேலே பஃபேயில் சாப்பிடுகிறார்களாம். இவர் முடிக்கிற வரை காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இல்லையாம், அவர்கள்மேல் தப்பில்லையாம். நாங்கள் மூன்று பேரும் எப்போதோ முடித்துவிட்டோம். ஆயிஷாதான் முதலில் அதைச் செய்தாள். தட்டில் மிச்சமிருந்த இரண்டு பருக்கையை எடுத்து, இந்தப் பக்கம் உருட்டி, அந்தப் பக்கம் உருட்டினாள். சுபைதாவும் உருட்டினாள். நானும் உருட்டினேன். அடுத்த பந்திக்கு ஆட்கள் வெளியே நிற்கிறார்கள் என்று பரிமாறுகிறவர் மேசையைச் சுற்றி வந்தார், நாங்கள் கண்டுகொள்ளவில்லை. பெரியவர் கடைசி வாய் சூப்பைக் குடித்தபோது தாடியில் வழிந்தது. விசிறி மடிப்புத் துணி எப்போதோ கீழே விழுந்திருந்தது. அவர் அந்த டிஷ்யூ பொட்டலத்தை எடுத்து, பசை ஒட்டிய மடிப்பை உரித்து, ஒன்றை உருவித் தாடியைத் துடைத்துக்கொண்டார். ஆயிஷா என் முழங்கையைப் பிடித்தாள். பெரியவர் எங்கள் முகத்தைப் பார்த்து ஏதோ தப்பாகிவிட்டதோ என்று பொட்டலத்தை அவசரமாக நீட்டினார். சுபைதா அதை வாங்கினாள். அதிலிருந்து தானும் ஒன்றை உருவி, அந்த மூன்று நாளும் வராத அழுகையை அழுது துடைத்துக்கொண்டாள். பெரியவர் எழுந்த பிறகுதான் நாங்கள் மூவரும் கையைத் தட்டிலிருந்து எடுத்தோம்.

போன ஞாயிறு தேக்காவுக்குப் போனேன். அந்த நாளுக்குப் பிறகு முதல் தடவை. தூண் ஓரத்து மேசை அதிர்ஷ்டவசமாகக் கிடைத்தது, நான் எதையும் வைத்துப் பிடிக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஒரு சீனக் கிழவி வந்து, எதிர் நாற்காலியைத் தொட்டு, "காட் பீப்பிள்?" என்றாள். உடம்பு குளிர்ந்தது. என் கண் தானாகக் கை கழுவும் பக்கம் போய்விட்டு வந்தது. "நோ, நோ, சிட்" என்றேன். சொல்லிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அவள் உட்கார்ந்து நூடுல்ஸை ஒவ்வொரு இழையாகத் தின்ன ஆரம்பித்தாள். எனக்கு முடிந்துவிட்டது. இந்த ஊரில் சாப்பிட்டு முடித்தவன் தட்டை எடுத்துக்கொண்டு உடனே எழ வேண்டும். காத்திருக்கிறவருக்கு இடம் விட வேண்டும், அதுதான் இங்கே நியாயம். நாற்பது வருடமாக அதற்காகத்தான் நான் எல்லாரோடும் சண்டை போட்டிருக்கிறேன். பின்னால் தட்டோடு ஒருவர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே கிழவி இன்னும் பாதிகூட முடிக்கவில்லை. நான் ஒரு கையால் தட்டின் விளிம்பைத் தூக்கிப் பிடித்தபடி, இன்னொரு கையால் இரண்டு பருக்கையை உருட்டிக்கொண்டிருந்தேன்.